பால்குடத்துக்குக் குறுக்கே நின்ற பதினான்கு சர்வர்கள்

லோகேஸ்வரி அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் ஒரு சர்வர் படுத்தால் அதையும் திட்டுவார், அதை வாங்கியவரையும் திட்டுவார். ஆனால் இருபத்தொரு நாளாக யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பால்குட விரதம்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. எங்கள் நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கு எனக்குப் பதில் அக்கா வேலை பார்ப்பார். தைப்பூசத்துக்கு அவருக்குப் பதில் நான். மூன்று ராயாவும் நான் உம்மா வீட்டில் பிரியாணி சாப்பிட்டேன். அக்கா மட்டும் மூன்று தைப்பூசமும் ஏதாவது பழுது வந்து ஆபீசிலேயே மாட்டிக்கொண்டார்.

இந்த முறை, முதல் நாள் மாலையே ஐந்து மணிக் கொம்யூட்டர் ரயிலில் பத்துமலைக்குப் போக வேண்டும். கிள்ளானிலிருந்து அக்காவின் குடும்பம் குடத்தோடு கிளம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து, ஸ்ரீ கெம்பாங்கானில் நாங்கள் பராமரிக்கும் பதினான்கு சர்வர்களும் கண்காணிப்புத் திரையில் சிவந்தன.

"பச்சையாகாம யாரும் நகரக்கூடாது," என்றார் மேனேஜர் கிஷன்.

அக்கா இருந்த இடத்திலிருந்தே, எஸ்எஸ்எச் இணைப்பு வழியாக ஒவ்வொரு சர்வருக்குள்ளும் நுழைந்தார். நுழைந்ததும் 'வேல் முருகனுக்கு அரோகரா' என்று ஒரு வரி வரவேற்றது. பதினான்கு முறையும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டிஸ்க் சரி, மெமரி சரி.

"எல்லாம் நல்லாதான் ஓடுதுலா! அப்புறம் ஏன் சிவப்பு?"

மணி நாலரை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா கடைசியாக, உள்ளே நுழையாமல், கண்காணிப்பு புரோகிராம் கேட்பதுபோலவே வெளியிலிருந்து ஒற்றைக் கட்டளையில் கேட்டுப் பார்த்தார். பதிலில் முதல் வரி அரோகரா, இரண்டாவதுதான் 'ஓகே'. அந்தப் புரோகிராமோ முதல் வரியை மட்டும் படிக்கும்; அதில் 'ஓகே' இல்லையென்றால் சிவப்புதான்.

"எவன்டா முருகனை ஸ்டார்ட்அப் ஃபைல்ல வச்சது?"

"நான்தான்கா. மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் போட்டேன். இந்த வருஷமும் நீங்க மாட்டிக்கிட்டா, ஸ்கிரீன்லயாவது சாமிய பார்ப்பீங்கன்னு..."

கிஷன் தலையில் கை வைத்தார். அக்கா என்னையே பார்த்தார். வாய் துடித்தது.

"விரதம் முடியட்டும்டி ரிஸ்வானா, உன்னைய வச்சுக்கிறேன்!" என்றவர், சொல்லி முடிக்குமுன் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அந்த வரியை நீக்கினார். வேறு ஏதோ வேகமாகத் தட்டினார். ஒவ்வொன்றாகப் பதினான்கும் பச்சையானதும், பையை எடுத்துக்கொண்டு ஓடியே போனார். எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டினேன்.

மறுநாள் காலை தனியாக உட்கார்ந்து முதல் சர்வருக்குள் நுழைந்தேன். ஆள் நுழைந்தால் மட்டும் தெரியும் வரவேற்புப் பகுதியில் ஒரு வரி இருந்தது:

'ரிஸ்வானா, சாப்பிட்டியாடி?'

பதினான்கிலும் அதுவே. ஆளில்லாத ஆபீசில் சத்தமாகவே பதில் சொன்னேன்.