சிரிக்காத சிறகன்

போன வெள்ளிக்கிழமை மதிய ஷோ. பாண்டிச்சேரி தியேட்டர் வாசலில் ஒரே கூட்டம். என் ஓரகத்தி ஸ்டெல்லா – என் கணவருடைய தம்பி சுகுமாரின் மனைவி – என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், “அக்கா, படம் நல்லா இருக்கணும்னு நீங்களும் வேண்டிக்குங்க” என்றாள்.

ஒரு சூப்பர்ஹீரோ படத்துக்காக யாராவது வேண்டிக்கொள்வார்களா? தயாரிப்பாளர் வேண்டிக்கொள்ளலாம். வில்லியனூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் ஸ்டெல்லாவுக்கு என்ன வந்தது?

சொல்கிறேன்.

‘இரும்புச் சிறகன்’ வரிசைப் படங்களைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. இங்கிலீஷ் படம்தான். ஆனால் தமிழில் டப் செய்தவர்கள் அவனை நம்ம ஊர்க்காரனாகவே மாற்றிவிட்டார்கள். மஞ்சள் டிரஸ், முதுகில் இரும்பு இறக்கை. பாலத்தில் தொங்கும் பஸ்ஸை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டே கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்பான். எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கிற கடைசி நொடியில் வந்து இறங்கி, “நான்தான் வந்துட்டேன்ல!” என்பான். தியேட்டர் அதிரும்.

சுகுமார் அந்தச் சிறகனுக்கு வெறியன். வில்லியனூரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கடை ஷட்டரில்கூட மஞ்சள் இறக்கை வரைந்திருப்பான். சுற்றுவட்டார ரசிகர்களுக்கெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதற்கு அவன்தான் அட்மின். அவனுக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடந்தது காதல் கல்யாணம். நாங்கள் இந்து, அவர்கள் கிறிஸ்தவர்கள். இரண்டு வீட்டிலும் மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ரிசப்ஷன் மேடையில் சுகுமார் இரண்டு கைகளையும் விரித்து, “நான்தான் வந்துட்டேன்ல!” என்றபோதுதான் ஸ்டெல்லாவின் அப்பா முதன்முறையாகச் சிரித்தார்.

அப்படிப்பட்ட படத்தை இப்போது புதிதாக, முதலிலிருந்து எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. புது நடிகர். கறுப்பு டிரஸ். ட்ரெய்லர் முழுக்க மழை. ஒரு இடத்தில்கூட அவன் சிரிக்கவில்லை. “இது பழைய சிறகன் இல்லை, ரொம்ப டார்க்கா இருக்கும்” என்று இயக்குநர் பேட்டி கொடுத்தார்.

குரூப்பில் தீப்பிடித்துக்கொண்டது. என் சின்ன வயசைக் கெடுக்காதே என்று ஒரு கோஷ்டி. இப்பதான்டா பெரியவங்க பாக்கிற மாதிரி எடுக்கிறானுங்க என்று இன்னொரு கோஷ்டி. வில்லனை இந்த முறை கொன்றே தீர வேண்டும் என்று ஒருவர். கொன்றால் நான் படமே பார்க்க மாட்டேன் என்று மற்றொருவர். நானும் அந்தக் குரூப்பில் இருக்கிறேன் என்பதால் எல்லாவற்றையும் படித்தேன். படம் வரவே இல்லை... அதற்குள் ஹோட்டலில் உட்கார்ந்து தோசை ஆர்டர் செய்வது போல ஆளாளுக்கு ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முறுகலாக, எண்ணெய் கம்மியாக, சாம்பார் தனியாக!

மஞ்சள் கோஷ்டிக்கு சுகுமார்தான் தலைவனாக இருப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனோ ஒரே ஒரு வரி போட்டான் – இருட்டாவே வரட்டும், எனக்கு அதுதான் வேணும்.

குரூப்பே குழம்பிப் போனது. ஏன் என்று ஸ்டெல்லாவுக்கும் எனக்கும் மட்டும் லேசாகப் புரிந்தது. முழுசாகப் புரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

போன மழைக்காலத்தில் சங்கராபரணி ஆறு கரை மீறிப் பாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். செல்லிப்பட்டுப் பக்கம் வயல்வெளிகளில் இருந்தவர்கள் சிக்கிக்கொண்டார்கள். விடியற்காலையில் கடலோர மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வழி காட்ட உள்ளூர் ஆள் வேண்டும். சுகுமாருக்கு நீச்சல் தெரியும், அந்தப் பக்கத்து வரப்பும் வாய்க்காலும் தெரியும். ஒரு படகில் ஏறிவிட்டான்.

கரும்பு வெட்ட வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு குடும்பத்தை அவர்கள் கரை சேர்த்தார்கள். அந்தக் குடும்பத்துக் கைக்குழந்தையைச் சுகுமார் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வருகிற போட்டோ எல்லார் போனிலும் சுற்றியது. ரசிகர் குரூப் சும்மா இருக்குமா? மஞ்சள் டிரஸ்ஸில் அவன் முகத்தை ஒட்டி, ‘எங்கள் ஊர்ச் சிறகன்’ என்று பெரிய பேனராகக் கடைக்கு எதிரில் கட்டிவிட்டார்கள்.

சுகுமார் ஏணி போட்டு ஏறி அதை அவனே அவிழ்த்துப் போட்டான். அடக்கம் என்று நினைத்தோம்.

அதற்குப் பிறகு அவன் பழைய மாதிரி இல்லை. கடைக்குப் போவான், வருவான், கேட்டதற்குப் பதில் சொல்வான். டிவியில் பழைய சிறகன் படம் ஓடினால், ஹீரோ வந்து இறங்குகிற நேரத்துக்கு முன்பே சேனலை மாற்றிவிடுவான். இந்தப் புது ட்ரெய்லரை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தான். புதுக் கதையில் ஹீரோ ஒரு இடத்துக்குத் தாமதமாகப் போகிறான், ஒருவரைக் காப்பாற்ற முடியாமல் போகிறது என்று எங்கோ படித்திருக்கிறான்.

ஒருநாள் ஸ்டெல்லா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, அவரு இந்தப் படத்துல இன்னாத்தையோ தேடுறாரு. அது கெடைக்கலைன்னா இன்னா ஆவாரோன்னு பயமா இருக்கு.”

அதனால்தான் தியேட்டர் வாசலில் அந்த வேண்டுதல். அதனால்தான் நானும் டிக்கெட் எடுத்தேன்.

படம் எப்படி என்கிறீர்களா? டார்க் என்றால் நிஜமாகவே டார்க். பாதி நேரம் திரையில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. எரிகிற ஒரு கட்டடத்துக்குச் சிறகன் தாமதமாக வருகிறான். உள்ளே ஒருவர் இறந்துபோகிறார். அதோடு அவன் முகம் இறுகிவிடுகிறது. இரண்டாம் பாதி முழுக்கக் கண்ணில் படுகிறவர்களையெல்லாம் அடித்து நொறுக்குகிறான்.

நடுவில் ஒரு காட்சி. இறந்தவரின் வீட்டு வாசலுக்குச் சிறகன் போகிறான். கொட்டுகிற மழை. காலிங் பெல்லை அழுத்தக் கையைத் தூக்குகிறான். உள்ளே பேச்சுக்குரல் கேட்கிறது. கையை இறக்கிவிட்டு இறக்கையை விரித்துப் பறந்துவிடுகிறான். பின்னணி இசை எழும்ப, தியேட்டரில் விசில் காதைப் பிளந்தது. இந்த மாதிரிக் காட்சிக்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள். நானும் கை தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் சுகுமார் கை தட்டவில்லை. இருட்டில் திரையையே முறைத்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் குரூப் பசங்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மீதிப் பேர் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். அட்மின் என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். அவன் நேராக வந்து காரில் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டான்.

நான்தான் ஓட்டினேன். ஸ்டெல்லா என் பக்கத்தில். மூலக்குளம் தாண்டினோம்.

“பெல்லை அடிக்காமலே போயிட்டான் பாத்தீங்களா அண்ணி?” பின்னாலிருந்து அவன் குரல். “அதுக்குப் போயி கை தட்டுறானுங்க.”

படம்தானே, விடு என்றேன். அவன் விடவில்லை. அப்புறம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத அந்தக் காலையை அவன் சொல்ல ஆரம்பித்தான்.

கரும்பு வெட்டும் குடும்பத்திடம் போகும் முன்பே, வழியில் ஒரு மோட்டார் கொட்டகையின் மேல் ஒருவர் நின்றுகொண்டிருந்திருக்கிறார். தணிகாசலம் என்று செல்லிப்பட்டு விவசாயி. முதல் நாள் சாயங்காலம் வயலில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிடப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். இவர்கள் படகு அவரிடம் நெருங்கியபோது, தன்னை விட்டுவிட்டு அந்தக் குடும்பத்தை முதலில் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். படகு சின்னது, தண்ணீரின் இழுப்பு பலமாக இருந்தது. சுகுமாரும் சரி என்று படகைத் திருப்பச் சொன்னான். அவர்களைக் கரையில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது கொட்டகையே இல்லை.

படகோட்டி வந்த மீனவர் தன் ஊருக்குப் போய்விட்டார். கரும்பு வெட்ட வந்தவர்களும் தண்ணீர் வடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். ஊரில் இதைத் தெரிந்த ஒரே ஆள் சுகுமார். அவன் வாயைத் திறக்கவில்லை. செல்லிப்பட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த நிலைமையில் கடை எதிரில் பேனர்! எப்படி இருந்திருக்கும் அவனுக்கு?

“காப்பாத்த முடியாம போனவன் அப்புறம் எப்பிடி இருக்கிறான், இன்னா பண்றான்னு அந்தப் படத்துல காட்டுவாங்கன்னு நெனச்சேன்” என்றான். “அவனும் என்னை மாதிரியே ஓடிப்போறான்.”

ஸ்டெல்லா திரும்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வில்லியனூர் நெருங்கியது.

“அண்ணி, வூட்டுக்கு வேணாம். செல்லிப்பட்டுக்கு விடுங்க.”

பத்துக்கண்ணு வழியாகப் போனோம். தெருவில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். காட்டியவர், “மோட்டாரு தணிகாசலம் வூடா?” என்று கேட்டுவிட்டுக் காட்டினார். எங்களுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

சுகுமார் காரை விட்டு இறங்கி, வாசல்வரை போய் நின்றான். நாங்கள் அவனுக்குப் பின்னால். பிறகு கதவைத் தட்டினான்.

தணிகாசலத்தின் மனைவி வசந்தா கதவைத் திறந்தார். பின்னால் காலேஜ் படிக்கிற மகள் கௌரி. போட்டோவில் பார்த்த முகம் என்பதால் அவனை அடையாளம் தெரிந்து உள்ளே கூப்பிட்டார்கள். அவன் உட்காரவில்லை. தணிகாசலம் மாடுகளை அவிழ்க்கப் போனதிலிருந்து நின்றபடியே முழுசாகச் சொன்னான். தணிகாசலம் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னான்: “நான் நிக்கிறேன்பா. அங்க கைக்கொழந்த இருக்குது. அதை மொதல்ல பாரு.”

முதலில் பேசியது கௌரிதான். “அவரையும் சேத்து ஏத்திக்கினு போயிருக்கலாம்ல?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்தான். ஒளிந்துகொள்ள அவனிடம் இறக்கையா இருக்கிறது? “அதைத்தான்மா தெனம் யோசிக்கிறேன்” என்றான். “ஏத்தியிருந்தா படகு தாங்கியிருக்குமா, கவுந்திருக்குமா... எனக்குத் தெரியல.”

கௌரி எழுந்து உள்ளே போய்விட்டாள். வசந்தா மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கொழந்த பொழச்சுதா?”

பிழைத்துவிட்டது, நன்றாக இருக்கிறது, அதன் அப்பா எப்போதாவது போன் செய்வார் என்றான் சுகுமார்.

அதன் பிறகு அந்த அம்மா சொன்னதுதான் நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. தண்ணீர் வடிந்த பிறகு தணிகாசலத்தின் உடல் கிடைத்தது மோட்டாருக்குப் பக்கத்தில். அது வாங்கிக் கொஞ்ச நாளே ஆன மோட்டார். அதைக் கழற்றி எடுக்கப் போய்த்தான் மனுஷன் செத்தான், பொருளாசை என்று ஊரே பேசியிருக்கிறது. பெயரே ‘மோட்டாரு தணிகாசலம்’ என்று ஆகிவிட்டது. மகள் காலேஜ் பஸ்ஸில்கூட அதைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன்பா” என்றார் வசந்தா. “எங்க ரெண்டு பேரையும்விட அந்த மோட்டாரு பெருசாப் போச்சான்னு. அவரு படத்துக்குப் பூ வெக்கறப்பகூடத் திட்டிக்கினேதான் வெப்பேன்.”

சுகுமார் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தன் குற்ற உணர்ச்சியை மறைப்பதாக நினைத்து, அவன் மறைத்து வைத்திருந்தது இன்னொரு மனிதரின் நல்ல பெயரை!

வசந்தா அழுதார். வெகுநேரம் அழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பக்கத்து வீட்டில் இருந்த தணிகாசலத்தின் அண்ணனைக் கூப்பிட்டார். “இந்தத் தம்பி சொல்றத வந்து கேளுங்க” என்றார். சுகுமார் மறுபடி முதலிலிருந்து சொன்னான். பிறகு எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவருக்கும் சொன்னான். எங்களுக்கு வீட்டைக் காட்டியவரும் வந்து வாசலில் நின்றார். அவருக்கும்.

ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. ஒருகட்டத்தில் உள்ளேயிருந்து கௌரி வந்து அம்மாவின் தோளைப் பிடித்தபடி நின்று கேட்டாள். அவளுக்கு அவன்மேல் கோபம் தீர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. தீர வேண்டும் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் கிளம்பும்போது கார்வரை வந்து, அப்பாவுக்கு வருஷ திதி வருகிறது, சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள், நீங்களும் வந்து அவர்கள் முன்னால் சொல்லணும் என்று மட்டும் கேட்டாள். வருகிறேன் என்றான்.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே ஓட்டினேன். ஹீரோ சிரிக்க வேண்டும் என்கிறோம். சிரிக்கவே கூடாது என்கிறோம். மஞ்சளா கறுப்பா என்று கட்டிப் புரள்கிறோம். உண்மையில் ஆளாளுக்கு மனசில் ஏதோ ஒரு பாரம் இருக்கிறது. அதை நமக்காகத் திரையில் யாராவது தூக்கிக்கொண்டு போனால் தேவலை என்று காத்திருக்கிறோம். பாவம், அந்த நடிகர் எத்தனை பேருடையதைத் தூக்குவார்?

ஸ்டெல்லாவின் வேண்டுதல் பலிக்கவில்லை. படம் சுமார்தான்.

ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். செத்துப்போனவரைக்கூடக் காப்பாற்றலாம் போலிருக்கிறது... கொஞ்சம் தாமதமானாலும்.