வாடகை அலமாரியும் ஈரச் சுவரும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. மதுரை கோச்சடையில் எங்களுக்கு ஒரு அடுக்குமாடி வீடு இருந்தது. அதை விற்க நான் படாத பாடு பட்டுக்கொண்டிருந்த நேரம்.

மனைவிக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்ததால், மகளை அழைத்துக்கொண்டு, வீட்டுச் சாமான்களையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டாள். நான் ஜெராக்ஸ் கடைக்காரன். வீடு விற்றால்தான் அங்கே ஒரு கடை போட்டுக் குடும்பத்தோடு சேர முடியும். எட்டு மாதமாகக் காலி வீட்டில் ஒரு பாயும் தலையணையுமாகக் கிடந்தேன். மகள் தினமும் போனில், "எப்பப்பா வருவீங்க?" என்று கேட்பாள். நானும் தினமும், "அடுத்த மாசம்டா" என்று கூசாமல் சொல்வேன்.

வீடு விலை போகாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். சின்ன அறையின் சுவரில் மாடி வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கசிந்து, ஆள் உயரத்துக்கு ஈரம் பூத்திருந்தது. பெயின்ட் அடித்தால் ஒரு மாதம் தாங்கும். பிறகு முன்பைவிடக் கறுப்பாக வந்து நிற்கும். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்த அறை வரை சிரித்துக்கொண்டே வருவார்கள். அப்புறம் "வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்" என்று செருப்பைத் தேடுவார்கள்.

பழைய பர்னிச்சர் கடை வைத்திருக்கும் என் நண்பன்தான் அந்த யோசனையைச் சொன்னான். "வெறும் வீட்டைக் காட்டுனா எவன் மாப்ள வாங்குவான்? நாலு சாமானைப் போட்டுக் காட்டு. வர்றவங்களுக்கு நாமளே இங்க குடியிருக்கோம்னு தோணணும்" என்றான். பத்து நாள் வாடகைக்கு சோபா, சாப்பாட்டு மேஜை, சின்னக் கட்டில் எல்லாம் வந்து இறங்கின. கூடவே நான் கேட்டு வாங்கிய உயரமான புத்தக அலமாரியும் வந்தது. அது எதற்கு என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

"சுவத்தோட ஒட்டி வச்சிராத. ஈரம் ஏறுனா பலகை உப்பிப்போயிரும். ஒரு சாண் தள்ளியே நிக்கட்டும்" என்றான் நண்பன். அந்த அறையின் தரை வாசல் பக்கம் லேசாகச் சரியும். அதனால் அட்டையை மடித்து அலமாரியின் முன்கால்களுக்கு அடியில் செருகிவிட்டுப் போனான்.

அதன் பிறகு என் கைவரிசை. மாணவர்கள் பைண்டிங் செய்யக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராத தடித்தடி பிராஜெக்ட் புத்தகங்கள் கடையில் கிடந்தன. முதுகில் தங்க எழுத்து மின்னும். அவற்றைக் கொண்டுவந்து, கண்ணில் படும் மேல்தட்டுகளில் மட்டும் அடுக்கினேன். கீழ்த்தட்டுகளுக்குப் போதவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். குழந்தைகள் அறை மாதிரி இருக்கட்டும் என்று ஒரு பெரிய கரடி பொம்மை வாங்கி உச்சியில் உட்கார வைத்தேன். எல்லாம் முடிந்து நின்று பார்த்தபோது, அந்தக் கிழிந்த அட்டை மட்டும் அசிங்கமாகத் தெரிந்தது. உருவி எறிந்துவிட்டேன்.

சனிக்கிழமை மனைவி போனில், "வர்றவங்ககிட்ட அந்தச் சுவரைப் பத்திச் சொல்லிருவீங்கல்ல?" என்று கேட்டாள். "சொல்லாம இருப்பேனா?" என்றேன்.

மறுநாள் வந்தது மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். கணவன், மனைவி, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரே வீட்டில் மூன்று குடும்பமாக இருக்கிறோம், இடம் பற்றவில்லை என்றார் கணவர். ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்தார். சுவர்களை விரல் மடக்கித் தட்டினார். கணவனும் மனைவியும் தங்கள் மொழியில் பேசிக்கொள்ள, நான் ஒன்றும் புரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சின்ன அறைக்கு வந்தோம். குழந்தை கட்டிலைப் பார்த்தது, கரடியைப் பார்த்தது. "இது யாரு ரூம்?" என்று கேட்டது.

"உனக்குத்தான் பாப்பா. கட்டிலு, கரடி எல்லாமே உனக்குத்தான்" என்றேன், வியாபாரப் புன்னகையோடு.

கணவர் அலமாரியின் பக்கவாட்டில் கை வைத்தார். "இதைக் கொஞ்சம் நகட்டிப் பார்க்கலாமா சார்?"

"அம்புட்டும் புக்குண்ணே, ரொம்பக் கனம். வாங்க, அடுப்படியப் பாருங்க" என்று கிட்டத்தட்ட அவரைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் மனைவிக்குச் சமையலறை மிகவும் பிடித்துவிட்டது. மறுபடியும் அவர்கள் மொழியில் ஏதோ பேசினார்கள். பிறகு அவர் சிரித்த முகத்தோடு, "பிடிச்சிருக்கு சார். நல்ல நாள் பார்த்து அட்வான்ஸ் குடுத்துர்றோம்" என்றார். மகளுக்குப் போன் போட வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அப்போதுதான் சின்ன அறையில் 'தொப்' என்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. குழந்தை எங்களோடு இல்லை.

நான் அறைக்கு இரண்டு எட்டு தூரத்தில் நின்றிருந்தேன். ஓடினேன். மேல்தட்டுப் புத்தகம் ஒன்று தரையில் கிடந்தது. காலியாக இருந்த தட்டுகளைப் படியாக்கி மூன்றாவது தட்டு வரை ஏறியிருந்தது குழந்தை. ஒரு கை கரடியின் காலைப் பிடித்திருந்தது. முட்டுக் கொடுத்த அட்டையும் இல்லாமல் அலமாரி அப்படியே முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது. பாய்ந்து போய் இரண்டு கையையும் நெஞ்சையும் கொடுத்துத் தாங்கினேன். தங்க எழுத்துப் புத்தகங்கள் ஒவ்வொன்றாக என் தலையிலும் தோளிலும் விழுந்தன. அந்தக் கனம் என் பக்கமே இறங்கியது, கால் தரையில் வழுக்கியது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் குழந்தையோடு சேர்ந்து நானும் அலமாரிக்கு அடியில் நசுங்கியிருப்பேன். அதற்குள் அந்த அம்மா ஓடிவந்து குழந்தையை உருவி எடுத்துவிட்டார். பின்னாலேயே கணவர் வந்து அலமாரியைப் பிடித்தார். இருவருமாக அதை நகர்த்தி ஓரத்தில் படுக்க வைத்தோம்.

நிமிர்ந்தபோது எதிரே சுவர் நின்றது. ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. அவர் சுவரில் விரல் வைத்தார். ஈரமான விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த அம்மா குழந்தையின் கை காலைத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல் இல்லை. பிறகு பயத்தில் வந்த கோபத்தோடு, "எதுக்குடி மேல ஏறுன? அடுத்தவங்க வீட்டுச் சாமான்ல ஏறலாமா?" என்று அதட்டினார். எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே கேட்டார்.

குழந்தை விக்கிக்கொண்டே என்னைக் கை காட்டியது. "அந்த மாமாதான் எல்லாம் எனக்குன்னு சொன்னாரு."

"தப்பு பண்ணிட்டேம்மா" என்றேன். அந்த அம்மா வாசலில் நின்று, "சுவரு ஈரம்னு முதல்லயே சொல்லியிருந்தா, பார்த்துட்டுப் பேசாமப் போயிருப்போம். பிள்ளைய இப்படிப் பறிகொடுக்க வச்சிருப்பீங்களே" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்கள்.

என் மனைவிக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னேன். அவள் வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைல?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, போனை வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே நண்பனை வரச்சொல்லிச் சாமான்களைத் திருப்பி அனுப்பினேன். எட்டு நாள் வாடகை மிச்சம் இருக்கிறதே என்றான். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.

அதன் பிறகு வந்தவர்களை முதலில் அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் மற்ற அறைகளைக் காட்டினேன். வீடு விற்க மேலும் ஏழு மாதம் ஆனது. "அடுத்த மாசம்டா" என்று மகளிடம் சொல்வதையும் விட்டுவிட்டேன். "தெரியலடா" என்றேன், அழுதாள், பழகிக்கொண்டாள்.

நான் போட்ட அந்த நாடகத்தைப் பெரியவர்கள் தட்டித் தட்டிச் சோதித்தார்கள். முழுசாக நம்பியது அந்தக் குழந்தை ஒன்றுதான். அந்த நம்பிக்கையின் மேல் அலமாரி சாய்ந்த காட்சி, என் மகள் எதையாவது எட்டிப் பிடிக்கக் கை நீட்டும்போதெல்லாம் இன்றைக்கும் கண் முன்னால் வந்து நிற்கிறது.