என் வூட்டுக்காரருக்குத் தோதான கூட்டம்

குடிய வுட்டவங்க ஒண்ணா உக்காந்து பேசுற கூட்டம்னு ஒண்ணு இருக்குது, அதுக்கு இவரை அனுப்புங்கன்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. பேசினா குடி போவுமா? இவரு இன்னா பேசாமயா குடிச்சாரு? குடிச்சுட்டு இவரு பேசின பேச்சுல எங்க தெருவே தூக்கம் கெட்டுக் கெடந்துச்சு. ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க சார்னேன். டாக்டர் சிரிக்கல. ஈரல் பாதி போயிடுச்சும்மா, மீதியாவது இருக்கணும்னா கூட்டிக்கினு போங்கன்னாரு. எங்க நடக்குதுன்னு கேட்டா, விசாரிச்சுப் பாருங்கன்னு அடுத்த ஆளைக் கூப்புட்டாரு.

எண்பதுகளோட ஆரம்பம் அது. எங்க வில்லியனூர் பக்கம் சாராயக்கடைக்கு வழி கேட்டா பச்சக் கொழந்தையும் கையக் காட்டும். இந்தக் கூட்டத்துக்கு வழி கேட்டா, எல்லாரும் என்னை ஏற எறங்கப் பாத்தாங்க.

மொதல்ல பாண்டி டவுனுக்குப் போனோம். மாதா கோயிலுக்குப் பின்னால ஒரு ரூம். பஸ்ஸ விட்டு எறங்கி அங்க போய்ச் சேர்றதுக்குள்ள ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடை, நான் ஒருத்தி எந்தப் பக்கத்தை மறைக்கிறது? உள்ள எல்லாரும் பேண்ட் போட்டவங்க, இங்கிலீஷ்ல பேசினாங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்த பெரியவர் ஒருத்தர் பிரெஞ்சுல பேசி அழுதாரு. இவரும் கூடச் சேந்து அழுதாரு. பரவாயில்லையேன்னு நெனச்சேன். வெளிய வந்ததும், "இன்னாடி சொன்னாரு அந்தப் பெரியவரு?"ன்னு என்னைக் கேக்குறாரு.

அடுத்த மாசம் வில்லியனூர்ல மதுவிலக்குக் கூட்டம்னு மைக் கட்டிக் கத்திக்கினு போனாங்க. டாக்டர் சொன்னது இதுதான்னு நெனச்சு இழுத்துக்கினு போனேன். இவரை மேடையேத்தி, இனிமே தொடமாட்டேன்னு மைக்குல சொல்ல வச்சு, சால்வை போத்தி எல்லாரும் கை தட்டினாங்க. போத்தினது யாருன்னு பாத்தா, எங்க ஊரு சாராயக்கடைய ஏலம் எடுத்த மனுசன். இந்தக் கூத்தை நான் யாருகிட்ட சொல்றது? மறுநாள்லேருந்து டீக்கடையில "வாங்க தலைவரே"ன்னு ஒரே கிண்டல். கிண்டல் தாங்காம போய்க் குடிச்சாரு. ரத்தமா வாந்தி எடுத்தாரு. அதே டாக்டர்தான் பாத்தாரு. இன்னொரு தடவை குடிச்சா இங்க தூக்கிக்கினு வந்து பிரயோஜனம் இல்லன்னுட்டாரு.

அப்பறம்தான் பாகூர்ல ஒரு கூட்டம் நடக்குதுன்னு கம்பவுண்டர் சொன்னாரு. பள்ளிக்கூடத்துல, ஞாயித்துக்கெழம. வட்டமா பாய் போட்டு ஏழெட்டு பேரு, எல்லாம் நம்ம மாதிரி வேட்டி கட்டின சனம். நடத்தினவரு நெல்லு மண்டி வச்சிருக்கிறவரு. இங்க யாரும் பேரு சொல்ல வேணாம், ஊரு சொல்ல வேணாம், மனசுல இருக்கிறதை மட்டும் சொல்லுங்கன்னாரு. அப்பாடா, இதுதான் நம்ம கூட்டம்னு உக்காந்தேன்.

பக்கத்துல இருந்த பெரியவரு இவரு பக்கம் திரும்பி, "அது கெடக்கட்டும்பா, நீ எந்த ஊரு?"ன்னாரு.

அவ்ளோதான். எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வூட்டுப் புள்ளன்னு போயி, கடசியில பாத்தா அந்தப் பெரியவரு இவங்க அக்காவுக்குச் சின்ன மாமனாரு. நெல்லு மண்டிக்காரருக்கே சந்தோசம் தாங்கல, ஆளனுப்பிக் கலர் சோடா வாங்கியாந்தாரு. இவரு மடிச்சுக் கட்டின வேட்டிய எறக்கி வுட்டு, கையக் கட்டிக்கினு ஓரமா நின்னாரு. கரும்பு எப்பிடி, மழை எப்பிடின்னு பேச்சு போச்சு. குடியப் பத்தி அந்தப் பெரியவரும் வாயத் தொறக்கல, இவரும் தொறக்கல. பஸ்ஸுல கேட்டேன், ஏன்யா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தேன்னு. "அக்காவக் குடுத்த வூட்டு மனுசன் எதிரில நான் குடிகாரன்னு எப்பிடிடி சொல்றது?"ன்னாரு. எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. குடிகாரன்னு சொல்லத்தானே அங்க போனதே.

சொந்தமே இல்லாத ஊரா பாக்கணும்னு நாலு பேரை விசாரிச்சு, சேதராப்பட்டுக்குக் கூட்டிக்கினு போனேன். கம்பெனியில ஷிப்ட் முடிச்சவங்க ஒரு கொட்டாயில கூடுறாங்க. எங்கெங்கேருந்தோ பொழைக்க வந்தவங்க, யாருக்கு யாரும் முறையில்ல. நீங்க சொல்லுங்கண்ணேன்னாங்க இவரை. ரேசன் கடையிலேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் இவருக்காக நான்தானே பேசுறது, அந்தப் பழக்கத்துல நானே ஆரம்பிச்சேன். "இவரு காலையிலயே..."ன்னு நான் வாயத் தொறந்ததும், ஒருத்தரு, "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க"ன்னுட்டாரு.

ஊர் ஊரா நாயா அலைஞ்சு கூட்டியாந்தவ நானு, என்னையே வெளிய அனுப்புறாங்க. வெயில்ல நின்னேன். ரொம்ப நேரம் கழிச்சுக் கண்ணு செவந்து வந்தாரு. "உள்ள இன்னாய்யா பேசின?"ன்னு கேட்டேன். இங்க பேசினதை வெளியாளுகிட்ட சொல்லக்கூடாதாம். நான் வெளியாளு.

அடுத்த வாரம், "நான் மட்டும் போய்ட்டு வரேன்"னாரு. ரெண்டு பஸ்ஸு, அந்த வழி பூரா கடை, கையில காசு. எந்தப் பொண்டாட்டியா இருந்தாலும் சம்மதிக்க மாட்டா. போகாதன்னா, அப்ப நான் எங்கியும் போகலன்னாரு. எப்பிடியோ போயேன்னு சட்டையை எடுத்துக் குடுத்தேன். குடுத்துட்டு, மத்தியானம் சோறு எறங்கல. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓடி ஓடி நின்னேன்.

பொழுது சாயற நேரத்துல எறங்கினாரு. நேரா நடந்தாரா, தள்ளாடினாரான்னு கூட எனக்குத் தெரியல, கண்ணு மறைச்சுது. பக்கத்துல வந்தாரு. ரோட்டுல, அத்தனை சனத்துக்கு நடுவுல, என் மொகத்துக்கு நேரா குனிஞ்சு, வாயத் தொறந்து ஹான்னு ஊதினாரு.

பீடி நாத்தம் கொடலைப் பொரட்டுச்சு. வேற ஒரு நாத்தமும் இல்ல.