பொழுது சாயாத ஊர்

நுவரெலியாவில் எங்கள் தோட்டப் பள்ளிக்கு வாங்கிய பூகோள உருண்டையை மடியில் வைத்தபடி டயகம போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண். கூடைக்கயிறு அவர் நெற்றியில் பள்ளம் போட்டிருந்தது. வாய் திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் வெயில் எங்கே நிற்கிறதென்று பார்த்துக்கொள்வார்.

“ஏங்கய்யா, இது சாஞ்சே நிக்குது?”

பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதால், துருவம் சூரியனைப் பார்த்திருக்கும் ஆறு மாதமும், பூமி எவ்வளவு சுழன்றாலும் அங்கே பொழுது சாயாது என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. “அப்ப வேல எப்ப விடுவாங்க? பொழுது சாயலன்னு ஆறு மாசமும் மலையிலயே நிப்பாட்டி வச்சிருவானே தொர! கேக்க ஆளில்லையா?”

“அங்கே தேயிலையே இல்லம்மா. வெறும் பனி.”

“இங்கயும் மொதல்ல வெறும் காடுதாங்கய்யா இருந்துச்சு.”

அக்கரப்பத்தனையில் அவர் இறங்கும்வரை அவருக்குக் கோபம் ஆறவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.