செய்து காட்டாமல் புத்தி சொல்ல மாட்டேன் என்ற அண்ணா

அண்ணாவின் இந்தச் சிறு நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டபோது, என்னால் முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். அண்ணாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்த களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. ஆனாலும் அவரோடு கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தவள் தங்கையாகிய நான் மட்டுமே. ஆகவே எழுதுகிறேன்.

அண்ணா உடப்பு என்னும் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். அப்பா கரைவலைத் தொழில் செய்தவர். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாமல் படித்த முதற் பிள்ளை அண்ணாதான். விவசாயப் போதனாசிரியராக அரசாங்க உத்தியோகம் கிடைத்து மதுரங்குளிக்குப் போனபோது, சமைத்துப் போட என்னையும் அழைத்துச் சென்றார். மழையை நம்பிச் சிறு துண்டு நிலங்களில் பயிர் செய்கிறவர்களிடம் சைக்கிளில் போய் ஆலோசனை சொல்வது அவருடைய வேலை.

உலக யுத்தம் தொடங்கி அரிசி அருமையாகிய காலம் அது. முதல் மழைக்கே குரக்கன் தானியத்தை விதைக்க வேண்டாம், நிலம் நன்றாக நனையும்வரை பொறுங்கள் என்று பக்கத்துக் கனமூலைக் கிராமத்தில் சொல்லி வந்தார். அதைக் கேட்டுப் பொறுத்திருந்தவர் ஊரார் அண்ணன் முறையில் சேகு காக்கா என்றழைக்கும் முஸ்லிம் கமக்காரர் ஒருவர் மட்டுமே. அந்த வருஷம் முதல் மழையோடு சரி. அவசரப்பட்டு விதைத்தவர்களுக்கு அரைவயிற்றுக்காவது கண்டது. சேகு காக்காவுக்கு ஒன்றுமில்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கதிரையை எடுத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"தம்பி, ஒங்கட கதைய நான் கேட்டேன். மழ கேக்கல்லயே," என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அண்ணா தாங்கியிருப்பார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் பதவி உயர்வோடு மலைநாட்டுக்கு இடமாற்றம் வந்தது.

"போவம் அண்ணா. அங்க மழைக்குக் குறைவில்ல," என்று கெஞ்சினேன்.

"அந்த மனுசனப் பட்டினி போட்டுட்டு எங்க போறது? இனி என்ட கையால செஞ்சு காட்டாம ஒருத்தருக்கும் புத்தி சொல்ல மாட்டன்," என்றார்.

உத்தியோகத்தை விட்டுவிட்டார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

சேகு காக்காவின் வேலிக்கு அடுத்த மணல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். தென்னந்தோட்டங்களில் கழித்துப் போட்ட தேங்காய் மட்டைகளைச் சுமந்து வந்து, முழங்கால் ஆழக் குழிகளில் அடுக்கி, மண்ணால் மூடி, அதன்மேல் கத்தரியும் மிளகாயும் நட்டார். ஊற்றும் தண்ணீரை மட்டை பிடித்து வைத்திருக்கும் என்று நம்பினார். முதல் வருஷம் மட்டைகளைக் கறையான் தின்றது. இரண்டாம் வருஷம் ஏதோ கொஞ்சம் கிடைத்தது. தண்ணீர் சுமந்து சுமந்து என் இடுப்பு விட்டுப் போயிற்று. மூன்றாம் வருஷம் ஊரே காய்ந்து கிடந்தபோது அந்தத் துண்டு மட்டும் பச்சையாக நின்றது.

ஒரு காலையில் சேகு காக்கா வேலியைக் கடந்து வந்தார். குந்தியிருந்து மண்ணைக் கிளறி, ஒரு மட்டையை எடுத்துப் பிழிந்து பார்த்தார்.

"ஈரம் கெடக்குது தம்பி."

"ஓம் காக்கா. ஆனா வாற வருசமும் கிடக்குமெண்டு நான் சொல்ல மாட்டன்."

"நீங்க சொல்ல வாணாம். எனக்குக் கண்ணிருக்கி. குழி எவ்வளவு ஆழம்?"

அவருக்குப் பின் ஏழெட்டுக் குடும்பங்கள் குழி வெட்டின. அதற்குமேல் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. வறட்சி மறுபடியும் வந்தது. அண்ணாவை மலேரியா விடாமல் பிடித்தது. கொயினா மருந்தைக் குடித்துக் குடித்துக் காதும் மந்தமாயிற்று. கடைசிக் கிழமையில், "இனி ஏலாது தங்கச்சி," என்றார். அவர் வாயால் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீடு தேடி வந்து மருந்து தந்த அப்போதிக்கரி ஐயாவுக்கும், கிரியைகளை முன்னின்று நடத்தும் உடப்பு உறவினர்களுக்கும், வண்டி கட்டி அண்ணாவின் உடலை ஊர்வரை கொண்டு வந்து சேர்த்த சேகு காக்காவுக்கும் அவருடைய மக்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இதை எழுதும்போது விதைப்புக் காலம் தொடங்கிவிட்டது. வேலையைப் போட்டுவிட்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வர எண்ணிய கமக்காரர்களுக்கு, வரவேண்டாம் என்று நானே சொல்லியனுப்பினேன். அவர்களுக்குரிய நினைவு மலர்ப் பிரதிகளை நான் கொண்டு போய்க் கொடுப்பேன்.