வலது சக்கரம்

காபி பாய்லரின் சிவப்பு விளக்குதான் முதலில் அணைந்தது.

பிறகு கேபின் விளக்குகள். பிறகு தலைக்கு மேலே ஒரு காற்றுச் சத்தம்... அது நின்ற பிறகுதான் இத்தனை நாள் அது இருந்ததே தெரிந்தது. என்ஜின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை. சென்னையிலிருந்து பெங்களூர் வரும் சின்ன விமானம். எம்.ஏ. இலக்கியம் முடித்து, ஏர்ஹோஸ்டஸாகச் சேர்ந்து எனக்கு மூன்றாவது மாதம். பெங்களூர் ஜோகுபாளையத்து வீட்டில் விடியும் முன்பே புடவை மடிப்புக்குப் பின் குத்திக் கிளம்புவேன்.

பயிற்சியில் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். பயணி பயந்து எதைக் கேட்டாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். "எவ்ரிதிங் இஸ் நார்மல், சார்." சிரித்துக்கொண்டு. ஆங்கிலத்தில்.

ஏழாவது வரிசை, வலது ஜன்னலோரம் ஒருவர். பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் என்று ஏறும்போதே சொல்லியிருந்தார். சென்னையில் ஒரு மெஷினைப் பொருத்திவிட்டுத் திரும்புகிறார். முதல் விமானப் பயணம். நகக்கண்ணில் போகாத கிரீஸ்.

"மேடம், கரண்ட் போச்சா?"

சிரித்தேன். வாக்கியத்தைச் சொன்னேன்.

"பாத்துட்டு சொல்றீங்களா, சும்மா சொல்றீங்களா?"

முன்னால், கேப்டனிடம் போனேன்.

கேப்டன் நிதானமாகத்தான் பேசினார். மின்சாரம் முழுக்கப் போய்விட்டது. ரேடியோ இல்லை. ஆனால் வானம் தெளிவு, ஏர்போர்ட் கண்ணுக்குத் தெரிகிறது, இறங்கிவிடலாம். சக்கரங்களைக் கீழே விட்டாயிற்று. அவை பூட்டிக்கொண்டனவா என்று காட்டும் பச்சை விளக்குகள்தான் எரியவில்லை. பூட்டாத சக்கரம் தரையில் பட்டதும் மடங்கிவிடும். ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல் என்றார்.

உடலுக்கு மேலே இறக்கை வைத்த விமானம் அது. இரண்டு பக்கமும் சக்கரக் கால்கள் ஜன்னலுக்கு வெளியே தொங்குவது தெரியும்.

இடது பக்கம் பார்த்தேன். சக்கரம் இருந்தது. ஃபிட்டரின் ஜன்னலில் குனிந்தேன். அங்கும் இருந்தது. எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

ஓகே என்று சொல்லத் திரும்பிவிட்டேன். இரண்டடி நடந்தும்விட்டேன்.

பார்த்தேனா... சும்மா பார்த்தேனா...

திரும்பி வந்து, அந்த கேபினில் முதல் முறையாகத் தமிழில் பேசினேன்.

"அண்ணா, சக்கரம் பூட்டியிருக்கான்னு எனக்குத் தெரியல. நீங்க பாத்து சொல்றீங்களா?"

கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தார். எழுந்துபோய், "ஸ்வல்பம் தள்ளிக்கோங்க சார்" என்று எதிர்ப்பக்கத்துக்காரரை நகர்த்தி, அங்கேயும் பார்த்தார்.

"அந்தப் பக்கம் மூட்டு நேரா நின்னுக்கிச்சு. நம்ம பக்கம் லேசா மடங்கியிருக்கு. வெயிட்டு விழுந்தா மடிஞ்சிடும்மா."

மேடம் போய், அம்மா வந்திருந்தது.

அதை அப்படியே கேப்டனிடம் சொன்னேன். அவர் கையால் இழுக்கும் அவசர லீவரை இழுத்தார். வலது பக்கம், கேபின் தரைக்கு அடியில், ஒரு பெரிய தாழ்ப்பாள் விழுந்த மாதிரி சத்தம். ஃபிட்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மைக் வேலை செய்யவில்லை. வரிசை வரிசையாக நடந்து, குனிந்து உட்காரச் சொன்னேன். தமிழில், கன்னடத்தில், அரைகுறை இந்தியில். நார்மல் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இறங்கினோம். ஒரு குலுக்கல். சக்கரங்கள் மடங்காமல் நின்றன.

படியருகே அவருக்குக் கைகூப்பினேன். "காபிதான் கடைசி வரைக்கும் வரலம்மா" என்றார். ஈஜிபுராவுக்கு எந்த பஸ் என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டார்.

மதியம் அறிக்கை எழுதினேன். பயணியிடம் கேட்டதை எழுதினால் வேலை போகும் என்றார் எனக்கு மேலே இருந்தவர். வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. 'நான் பார்த்து உறுதி செய்தேன்' என்று எழுதினேன். பாராட்டுக் கடிதம் வந்தது. அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

இப்போது பயணியாக மட்டுமே பறக்கிறேன். பெரிய விமானங்கள். எந்த ஜன்னலிலும் சக்கரம் தெரிவதில்லை. ஸ்பீக்கரில் ஓர் இளம் குரல், சிரித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் எல்லாம் சரி என்கிறது. நம்பிக்கொண்டு உட்காருகிறேன்.

அந்த அறிக்கை எந்த அலமாரியில் மக்கிக் கிடக்கிறதோ. அதில் எழுதாததை இங்கே எழுதிவிடுகிறேன்...

வலது சக்கரத்தைப் பார்த்தது நான் இல்லை.