சாக மறுத்த அணுக்கள்

கழுத்தில் நெல்லிக்காய் அளவில் மூன்று கட்டிகள். வலி இல்லை. கோவிந்தாபுரத்தில் எங்கள் பாத்திரக் கடையில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்தபோது விரலில் தட்டுப்பட்டன.

பாலக்காட்டு டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார். லிம்போசைட் (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணு) எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது. காய்ச்சல் வந்தால் பெருகும்; தணிந்ததும் மிச்சமானவை தாமாகவே செத்துவிடும்.

"உங்க உடம்புல அதுங்க சாக மாட்டேங்குது" என்றார்.

"மருந்து?"

"இப்ப வேண்டாம். இது மெதுவா வளர்றது. மூணு மாசத்துக்கு ஒருக்கா வாங்க, பாத்துக்கிட்டிருப்போம்."

புற்றுநோய் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிய அந்த மனிதரை இரண்டு வருடம் வெறுத்தேன். என் கணவரை அதைவிட. "டாக்டரே மருந்து வேண்டாம்னுட்டாரு, பெருசா ஒண்ணும் இருக்காது" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் களைத்துப் படுத்ததைச் சோம்பல் என்றாள் நாத்தனார்.

பிறகு மண்ணீரல் (இடது விலாவுக்கு அடியில் ரத்தத்தை வடிகட்டும் உறுப்பு) வீங்கியது. இரண்டு வாய்ச் சோற்றிலேயே வயிறு அடைத்தது. மாத்திரை தொடங்கினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் லிம்போசைட் எண்ணிக்கை இரண்டு மடங்கு.

கணவர் மாத்திரை டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். "இது ஆகாது ஜமீலா. உன்னைக் கொன்னுபோடும்."

"ஏனுங்க, ரெண்டு வருஷமா ஒண்ணுமில்லைன்னீங்க. இன்னைக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு அக்கறை? குடுங்க இங்க."

அவர் கையில் நகம் பதிய டப்பாவை வாங்கினேன். அதற்காக இன்றுவரை வருந்தவில்லை.

மறுநாள் டாக்டர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கட்டிகள் சுருங்கியிருந்தன. தாளையே வெறித்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

"கட்டிக்குள்ள பதுங்கியிருந்ததை மருந்து ரத்தத்துக்குத் தள்ளிவிடுது. அதனாலதான் எண்ணிக்கை கூடுது. வெளிய வந்தா அதுங்களுக்குப் பிழைப்பில்லை."

"இதை மாத்திரை குடுத்த அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

அவர் அடுத்த பரிசோதனைக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார். அதனால் நான் சொல்கிறேன்: உங்களுக்கும் இப்படி எண்ணிக்கை ஏறினால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். போய்க் கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.

ஏழு மாதத்தில் எண்ணிக்கை இறங்கியது. நோய் போய்விடவில்லை, அடங்கியிருக்கிறது. ஒரு பரிசோதனைக்கு அப்பால் எதையும் நான் திட்டமிடுவதில்லை. பெருநாளைக்கு வருவீர்களா என்று மகள் போனில் கேட்டால், "ரத்தம் பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறேன்.

போன வாரம் வெங்காயம் நறுக்கும்போது விரலை அறுத்துக்கொண்டேன். நான்கு நாளில் ஆறிவிட்டது. முன்பென்றால் மறந்திருப்பேன். இந்தக் காயத்துக்கு ஓடிவந்த அணுக்கள் வேலை முடிந்து செத்தனவா, இல்லை உள்ளேயே தங்கிவிட்டனவா என்று தெரியாமல், ஆறிய விரலை அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன்.